வியட்நாம் சம்பந்தம்

எங்கள் மகன் சைகோனிலிருந்து போன் செய்து, தன்னோடு வேலை பார்க்கும் வியட்நாம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் பேசி முடித்ததும் என் மனைவி அவனை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலேஜ்ல படிக்கையில ரோட்டுல நின்னு வியட்நாம் வாழ்க, வியட்நாம் வாழ்கன்னு கத்துனீங்கல்ல? இந்தா, வாழ வருது."

கத்தியது உண்மை.

நான் புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களில் சில பேர் பாடத்தைவிட வியட்நாமை அதிகம் படித்தோம். நாங்கள் போய் உட்காரும் வாசகசாலையின் சுவரில், ஒடுங்கிய கன்னமும் தாடியுமாக ஒரு கிழவரின் படம் இருந்தது. அவர்தான் வியட்நாமின் தலைவர். வாலிபத்தில் கப்பல் சமையல்கட்டில் எடுபிடியாக வேலை செய்து உலகம் சுற்றியவர். நாடு திரும்பி ஒரு மலைக்குகையில் தங்கிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகப் போராட்டத்தை நடத்தியவர். அவருடைய தளபதி ஒரு பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியர். மலைமேல் பீரங்கிகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், கீழே பள்ளத்தாக்கில் இருந்த பிரெஞ்சுப் படையை அவர் மண்ணைக் கவ்வ வைத்தார் என்று படித்துவிட்டு, எங்கள் வரலாற்றுப் பேராசிரியரைச் சில நாள் உற்று உற்றுப் பார்த்தோம். அவர் பீரங்கி இழுக்கக்கூடியவராகத் தெரியவில்லை. கரும்பலகையைத் துடைக்கவே ஆள் கூப்பிடுவார்.

மாலையில் கீழராஜ வீதியில் அட்டை பிடித்துக்கொண்டு போவோம். அமெரிக்காவே வெளியேறு என்று நாங்கள் கத்தினால், கடைக்காரர்கள் பஸ் கட்டணம் ஏறிவிட்டதா என்று விசாரிப்பார்கள். சைகோன் விழுந்த செய்தி வந்த அன்று டீக்கடையில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தேன். டீ மாஸ்டர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "எந்தத் தொகுதி தம்பி?" என்று கேட்டார்.

பிறகு எனக்கு மின்சார அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நான் வெளியேற்ற வேண்டியவர்களாக மிச்சம் இருந்தவர்கள் கவுண்டருக்கு முன்னால் வரிசையை மீறி நிற்பவர்கள் மட்டும்தான். வியட்நாம் என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. அல்லது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் செருப்புத் தொழில்நுட்பம் படித்தான். சைகோனில் ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அங்கே தைக்கிற ஷூக்களில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போகிறது என்று அவன் சொன்னான். விரட்டிவிட்ட ஆளுக்கே அளவு எடுத்துச் செருப்பு தைக்கிறார்களா என்று கேட்டேன். "அவங்கதான் நல்ல வெல குடுக்குறாங்கப்பா" என்றான். அந்த ஊருக்கு இப்போது தாடிக்காரத் தலைவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே எல்லோரும் சைகோன் என்றுதான் சொல்கிறார்களாம்.

அந்தப் பெண் அடுத்த வாரம் வீடியோவில் வந்தாள். என் மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் கைகூப்பிவிட்டு, "அத்தை, சாப்ட்டீங்களா? மாமா எங்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். மகன் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த 'எங்கிட்டு' என்ற ஒரு சொல்லில் என் மனைவி விழுந்துவிட்டாள். "நம்ம பக்கத்துப் புள்ள மாதிரியே பேசுதுங்க" என்றாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் பத்துப் பேரின் ஜாதகத்தை அவள் தள்ளிவிட்டிருந்த கதையை நான் அப்போது எடுக்கவில்லை.

மனைவியைவிடப் பெரிய மலை அவளுடைய தம்பி. அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இலுப்பூரில் நெல் வியாபாரம் செய்கிறவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பார். பையனுக்குத் தாய்மாமன் என்பதால் அவர் சம்மதம் இல்லாமல் பந்தக்கால் ஊன்ற முடியாது. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான், அவங்க என்ன ஆளுக?"

"வியட்நாம் ஆளுக மாப்ள."

"அது தெரியும். அதுல என்ன ஆளுக?"

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் எழுந்துகொண்டான். "சீனாக்காரன், பிரெஞ்சுக்காரன், ஜப்பான்காரன், அமெரிக்காக்காரன், வந்த அத்தன பேரையும் அடிச்சு வெரட்டுன ஆளுக" என்றேன்.

மாப்பிள்ளை மீசையைத் தடவினார். "அப்ப வீரப் பரம்பரைன்னு சொல்லுங்க. நம்ம மாதிரி."

அந்த நிமிஷத்திலிருந்து கல்யாணம் அவர் கைக்குப் போய்விட்டது. இலுப்பூரிலேயே பெரிய மண்டபம் பிடித்தார். மண்டப வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் வியட்நாம் வீரர்கள் இருந்தே ஆகவேண்டும் என்றார். "வர்றவன் யாரும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது மச்சான். பேனரப் பாத்ததும் வாய மூடிரணும்." வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. ஊரில் வியட்நாம் தெரிந்த ஒரே ஆள் நான்தானே.

தாடிக்காரத் தலைவர், வாத்தியாராக இருந்த தளபதி, அப்புறம் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் யானைமேல் ஏறிப் போய்ச் சீன ஆளுநரை விரட்டிய அக்கா தங்கை இரண்டு பேர். இவர்களைச் சொல்லி அனுப்பினேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மாதிரியைப் போனில் அனுப்பிவிட்டு, கூடவே பேசினார்.

"ஐயா, ஒரு பக்கம் எடம் காலியா தெரியுது. அதனால ஒரு ராஜாவச் சேத்திருக்கேன். வியட்நாம் ராஜான்னு தேடுனேன், வந்துச்சு. சட்ட நல்லா இருக்கு, மஞ்சக் கலரு, பேனருக்கு எடுப்பா இருக்கும். இருக்கட்டுமா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கச் சரிகை போட்ட மஞ்சள் அங்கி, தலைப்பாகை, வழவழப்பான இளம் முகம். எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அடங்க மாட்டேன் என்று அரண்மனையை விட்டுக் காட்டுக்குப் போன சின்ன வயது அரசர் ஒருவர் உண்டு. மலையில் ஒளிந்திருந்து போராடி, கடைசியில் பிடிபட்டு, அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். வாசகசாலையில் படித்திருக்கிறேன். "அற்புதமான ஆளு. அவரு கட்டாயம் இருக்கணும்" என்றேன்.

அன்றைக்கே மாப்பிள்ளையின் நெல் மண்டியில் உட்கார்ந்து, அந்த அரசரின் கதையை அங்கிருந்தவர்களுக்குச் சொன்னேன். கொஞ்சம் கண் கலங்கித்தான் சொன்னேன். காட்டில் இருந்த அரசரை அவருடைய ஆளே காட்டிக்கொடுத்துவிட்டான் என்ற இடத்துக்கு வந்தபோது, ஒருவர் எழுந்து மூட்டையைச் சரி செய்தார். இன்னொருவர் போனை எடுத்துப் பார்த்தார். எங்கள் மாவட்டத்தில் காட்டிக்கொடுப்பது என்ற சொல்லைச் சபையில் சொல்லக்கூடாது. வெளியூர்க்காரன் எவனுக்காவது எங்களோடு வாய்த்தகராறு வந்தால் முதலில் எடுத்து வீசுவது அதைத்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு இன்றைக்கும் பஸ் சீட்டு சண்டையில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"பேனர்ல அதெல்லாம் போட வேணாம் மச்சான். படம் மட்டும் இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

பெண் வீட்டார் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன், இன்னும் சில உறவினர்கள். அப்பா சைகோனில் ஹோட்டல்களுக்கு ஏ.சி. மாட்டும் தொழில் செய்பவர். பருமனான, சிரித்த முகம். ஆங்கிலம் பேசுவார். பெண்ணின் தாய்மாமன் எழுபதைத் தாண்டியவர், ஒல்லியாக, கம்பு மாதிரி நிமிர்ந்து நடந்தார். வட வியட்நாமிலிருந்து சிப்பாயாக நடந்தே தெற்குக்கு வந்து சண்டை போட்டவர் என்று மருமகள் சொன்னாள். நான் கீழராஜ வீதியில் அட்டை பிடித்தது இவருக்காகத்தானே! அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, என்னை அறிமுகம் செய்யச் சொன்னேன். மருமகள் வியட்நாமியத்தில் நீளமாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"என்னம்மா கேக்குறாரு?"

"கக்கூஸ் எங்கிட்டு இருக்குன்னு கேக்குறாங்க மாமா."

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் வேன் மண்டப வாசலுக்கு வந்தது. நாதஸ்வரமும் தவிலும் முழங்க, என் மனைவி ஆலாத்தித் தட்டோடு நின்றாள். தாய்மாமன் வெள்ளைச் சட்டையில் வரிசையாகப் பதக்கங்கள் குத்திக்கொண்டு இறங்கினார். கூட்டத்தில் ஒரு மரியாதை பரவியது. "அந்த ஊர் டி.எஸ்.பி.யாம்" என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. அவருக்கு முன்பே பெண்ணின் அப்பா இறங்கி, பேனரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அதற்குக் கீழே நின்று தன்னைத் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டார். நான் பூரித்துப்போனேன்.

அடுத்து தாய்மாமன் நிமிர்ந்து பார்த்தார். தலைவரைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். தளபதியைப் பார்த்தார். யானைகளைப் பார்த்துப் புன்னகைத்தார். மஞ்சள் அங்கிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கையை நீட்டிக் காட்டி என்னவோ சொன்னார். குரல் உயரவில்லை. ஆனால் அவர் ஆட்களில் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மாப்பிள்ளை குதூகலமாக, "பாத்தீங்களா மச்சான், அசந்துபோய் நிக்கிறாரு" என்றார்.

தவில்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். பட்டுப்புடவையில் இருந்த மருமகள் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அந்த ராஜா காட்டுக்குப் போன ராஜா இல்ல."

"பின்ன?"

"கடைசி ராஜா. பிரெஞ்சுக்காரங்க ஆளு. அவங்க சொன்னபடி கேட்டுக்கிட்டு, கார் ஓட்டிக்கிட்டு, வேட்டையாடிக்கிட்டு இருந்தவரு. எங்க தலைவருக்கிட்டத் தோத்து பட்டத்த விட்டுக் குடுத்துட்டு, அப்பறம் மறுபடி பிரெஞ்சுக்காரங்க கூடவே வந்தாரு. தலைவரு பக்கத்துல அவர வச்சிருக்கீங்களே, இதுக்குக் கீழ நடந்து வரமாட்டேன்னு பெரிய மாமா சொல்றாங்க."

ஆலாத்தித் தட்டில் சூடம் எரிந்து முடிந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா மைத்துனரிடம் ஏதோ சொன்னார். மைத்துனர் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டார்கள். சம்பந்தி அம்மாள் நடுவில் நின்று, நூறு தடவை பார்த்த சினிமாவைப் பார்ப்பதுபோல இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் வந்து நின்றுகொண்டார். அவருடைய கல்யாணத்திலும் இதே கதைதான் என்று மருமகள் பிற்பாடு சொன்னாள். அண்ணன் வடக்கத்திச் சிப்பாய், புருஷன் தோற்றுப்போன தெற்கத்திக் குடும்பம். அன்றைக்கும் இரண்டு பேரும் வெவ்வேறு பந்தியில்தான் சாப்பிட்டார்களாம்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல், அந்தக் காலத்து ஏகாதிபத்தியம் பற்றி ஏதோ ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் மனைவி தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, என்னைத் தாண்டித் தம்பியைப் பார்த்தாள்.

"டேய், ஓம் படத்தத் தனியா ஒண்ணு அடிச்சு வச்சிருந்தியே, அது எங்க?"

மாப்பிள்ளை தன் படத்தை, கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிடுகிற மாதிரி, மண்டபத்தின் பக்கவாட்டில் தனிப் பேனராக வைத்திருந்தார். 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு.

"அதுல தலைய மட்டும் வெட்டி இந்த ராஜா மூஞ்சில ஒட்டு. சீக்கிரம். நல்ல நேரம் போகுது."

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். ஏணியும் பிளேடும் டேப்பும் எங்கிருந்தோ வந்தன. சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் வியட்நாம் பேரரசரின் மஞ்சள் அங்கிமேல், கூலிங்கிளாஸோடு, தாடிக்காரத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. அளவுகூடக் கச்சிதமாகப் பொருந்தியது. மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வியட்நாம் தாய்மாமன் பேனரையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசைந்தது. குதிகாலைச் சேர்த்து வைத்து, மாப்பிள்ளைக்கு முறைப்படி ஒரு சல்யூட் அடித்தார். அடித்துவிட்டு உள்ளே நடந்தார். மாப்பிள்ளை அதைக் கிண்டல் என்று இன்றைக்கு வரைக்கும் நம்பவில்லை. சல்யூட் அடித்தபோது யாரோ எடுத்த படத்தைச் சட்டமிட்டு மண்டியில் மாட்டியிருக்கிறார்.

பெண்ணின் அப்பா மட்டும் கடைசியாக வந்தார். பேனரை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாள் எல்லோரையும் சித்தன்னவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குகைக்கோயிலின் கூரையில் இருக்கும் தாமரைக்குளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சம்பந்தி அம்மாள் தங்கள் நாட்டுப் பூவும் தாமரைதான் என்று சொல்லி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தாய்மாமன் சமணர் படுக்கையைப் பார்ப்பதற்காக ஏழடிப்பட்டம் என்ற மலைக்குகைக்குப் போகும் படிகளில் விறுவிறுவென்று ஏறினார். இளவட்டங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார்கள். முழங்கால் வலி என்று நானும், வெயில் என்று பெண்ணின் அப்பாவும் கீழே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டோம். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பேனர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ஓட்டை ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"படம் எடுத்துக்கொண்டீர்களே, அந்த அரசர்மேல் உங்களுக்குப் பிரியமா?" என்று கேட்டேன்.

"என் தாத்தா அவருக்குக் கார் ஓட்டினார்" என்றார் அவர். "மலைமேல் குளிர்ச்சியான ஓர் ஊரில் அரசருக்கு மாளிகை இருந்தது. அவர் வேட்டைக்குப் போவார். தாத்தா காரிலேயே காத்திருப்பார். அரசர் நல்லவரா கெட்டவரா என்று தாத்தா எங்களிடம் பேசியதில்லை. டயர்களைப் பற்றிப் பேசுவார். ஒரு டயரைக்கூட பஞ்சர் ஆகவிட்டதில்லை என்பார். அன்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார்."

கொஞ்ச நேரம் இளநீரைக் குடித்தார்.

"போர் முடிந்ததும் ஜெயித்தவர்கள் அப்பாவைச் சிறை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அரசரின் கார் ஓட்டுநர் மகன், பழைய அரசாங்கத்தில் குமாஸ்தா. இரண்டு குற்றம். திரும்பி வந்தபோது அவருக்குப் பல் இல்லை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சின்னப் பையன், கதவைச் சாத்திவிட்டேன்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கடலை மிட்டாய் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அவர் குன்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்கள் ஊரிலும் ராஜா இருந்ததாக மகள் சொன்னாள். உங்களைப் பிரிட்டிஷ்காரர்கள்தானே ஆண்டார்கள்? உங்கள் ராஜா எப்படிப் போராடினார்?"

ஐம்பது வருஷமாக அடுத்தவர் நாட்டுப் போராட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவனை இப்படி மடக்கிய ஆள் வேறு யாருமில்லை.

"போராடவில்லை" என்றேன். "நண்பர்களாக இருந்தார்கள்."

"ஓ."

"தெற்கே ஒரு பாளையக்காரர் போராடினார். தோற்று எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வந்தார். பிடித்துக் கொடுத்துவிட்டோம்."

அவர் இளநீரைக் கீழே வைத்தார். "பிறகு?"

"தூக்கில் போட்டார்கள். எங்கள் சமஸ்தானம் பத்திரமாக இருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் சில மாதம் இருந்தது. கடைசி ராஜா ஒரு வம்பும் பண்ணாமல் ஒப்படைத்துவிட்டார். அரண்மனைதான் இப்போது கலெக்டர் ஆபீஸ். நீங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய ஏதாவது கையெழுத்து என்றால் அந்தப் பக்கம்தான் போகவேண்டும்."

"அந்த ராஜாவை நீங்கள் திட்டுவீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். "வீட்டுக்குள் திட்டுவோம். வெளியூர்க்காரன் திட்டினால் சண்டைக்குப் போவோம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு முழு ஆளும். மரத்தடியில் மாங்காய் விற்ற அம்மாள் பயந்துபோய்ப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் தொடையில் ஓங்கித் தட்டி, "சரியான குடும்பத்தில்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

தாய்மாமன் மலையிலிருந்து இறங்கி வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். மருமகள் கேட்டுச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"காட்டுல இருந்த எங்க ராஜாவப் பிடிச்சுக் குடுத்தவனுக்கும் பேரன் பேத்தியெல்லாம் இருப்பாங்களாம்" என்று மருமகள் அதைத் தமிழில் சொன்னாள். "அவங்களும் எங்கயாச்சும் சம்பந்தம் பேசிக்கிட்டுத்தான் இருப்பாங்களாம்."

மாங்காய் வாங்கித் தின்றோம். தாய்மாமன் மிளகாய்ப்பொடியைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துச் சைகோனில் வரவேற்பு வைத்தார்கள். நானும் என் மனைவியும் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்துப் போனோம். வரவேற்பு முடிந்ததும், ஊருக்கு வெளியே இருக்கும் சுரங்கங்களைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தேன். போராளிகள் வருஷக்கணக்கில் மண்ணுக்கு அடியில் வாழ்ந்த இடம். கல்லூரிக் காலத்தில் அந்தச் சுரங்கங்களின் வரைபடத்தையே மனப்பாடம் செய்தவன் நான்.

தாய்மாமன் கூட வந்தார். ஆனால் உள்ளே வர மறுத்துவிட்டார். "சண்டையில் காட்டில் கிடந்தேன். ஒரு தடவை குண்டுக்குப் பயந்து இதுமாதிரி ஒன்றில் புகுந்தேன். காசு கொடுத்து மறுபடி புகுவதற்கு எனக்கு என்ன கிறுக்கா?" என்றாராம். பெண்ணின் அப்பாவும் வரவில்லை. அவருடைய உருவத்துக்கு அது புத்திசாலித்தனம். இரண்டு பேரும் வெளியே ஒரு கடையில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேஜை ஒன்றுதான். ஆனால் நாற்காலிகளை ஆளுக்கு ஒரு திசையில் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சுரங்கத்தை அகலப்படுத்தியிருப்பதாக வழிகாட்டி சொன்னான். புதுக்கோட்டைக்காரர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் குனிந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு தவழ்ந்து போனேன். ஒரு வளைவில் என் வயிறு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஆஸ்திரேலியக் குடும்பம் பாவம், வரிசையாகத் தவழ்ந்தே திரும்பிப் போனது. முன்னால் போயிருந்த மருமகள் வெளியே ஓடி, ஆட்களைக் கூப்பிட்டாள்.

காற்றுக்காக விட்டிருந்த ஒரு துளை என் தலைக்கு மேலே இருந்தது. அதன் வழியாகக் குரல்கள் கேட்டன. காபிக் கடையிலிருந்து இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். துளைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் குனிந்து நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"மாமா, பெரிய மாமா முன்னால போங்கன்னு சொல்றாங்க. எங்க அப்பா பின்னால வாங்கன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றது சரி?"

மேலே கொஞ்ச நேரம் வியட்நாமியத்தில் சண்டை நடந்தது. ஐம்பது வருஷத்துப் பாக்கி எல்லாம் அந்தத் துளை வழியாக என் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. அப்போது என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, அவங்க பேசி முடிச்சிட்டு வர்றதுக்கு நேரமாகும். நீங்க மொதல்ல மூச்ச விட்டு வயித்த எக்குங்க."

எக்கினேன். வழிகாட்டி பின்னாலிருந்து காலைப் பிடித்து இழுத்தான். சட்டையில் இரண்டு பொத்தான்களை அந்த மண்ணிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பெண்ணின் அப்பா, தான் சொன்ன வழிதான் சரி என்று கைதட்டினார். தாய்மாமன் ஒன்றும் சொல்லாமல் என் முதுகில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நுழைவாயில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினார்.